அந்த ஓ.டி.பி.யைச் சொல்வதற்கு முன்

பிளஸ் டூ தேர்வு முடிவு வெளியாகும் நாட்களில் உத்திரமேரூர் வட்டாரத்துப் பெற்றோரின் போன் ஓயாமல் அடிக்கும். ஊர் சாலவாக்கமோ, மானாம்பதியோ, பெருநகரோ, பேசுகிறவருக்கு எல்லாம் தெரிந்திருக்கும். பிள்ளையின் பெயர், படித்த பள்ளி, எடுத்த குரூப், சில சமயம் வாங்கிய மதிப்பெண்கூட. “உங்க பொண்ணுக்கு எங்க காலேஜ்ல சீட் போட்டு வெச்சிருக்கோம் சார்” என்று தொடங்குவார். ஒரகடத்தில் ஷிப்டு முடித்துக் கம்பெனி பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருக்கும் அப்பாவுக்கு ஒன்றும் புரியாது. அந்தக் கல்லூரிக்கு அவர் விண்ணப்பிக்கவே இல்லை. இந்த நம்பர் அவர்களுக்கு எப்படிப் போனது?

தொந்தரவோடு முடிந்தால் பரவாயில்லை. கல்லூரி ஏஜெண்டுக்கு எட்டுகிற பட்டியல் மோசடிக்காரனுக்கும் எட்டும். “கல்வித்துறையிலிருந்து பேசுகிறோம், உங்கள் மகனுக்கு ஸ்காலர்ஷிப் வந்திருக்கிறது, அனுப்புகிற கியூ.ஆர். கோடை ஸ்கேன் செய்யுங்கள்” என்று சொல்லிப் பெற்றோரின் கணக்கிலிருந்து பணத்தை உருவிய ஒரு கும்பலைக் கோயம்புத்தூர் காவல்துறை 2024 தொடக்கத்தில் கைது செய்தது. இந்த வகை மோசடி எடுபடுவதற்குக் காரணம் பெற்றோரின் அறியாமை அல்ல. முன்பின் தெரியாத ஒருவர் பிள்ளையின் பெயரையும் வகுப்பையும் பள்ளியையும் சரியாகச் சொன்னால் யாருக்கும் நம்பத்தான் தோன்றும். எட்டாம் வகுப்பில் என்.எம்.எம்.எஸ். தேர்வு எழுதி, மாதம் 1,000 ரூபாய் உதவித்தொகைக்காகக் காத்திருக்கும் வீட்டில் அப்படி ஓர் அழைப்பு வந்தால் சந்தேகப்படுவது இன்னும் கடினம்.

பிள்ளைகளின் தகவல் எங்கிருந்தெல்லாம் வெளியே போகிறது, சட்டம் என்ன சொல்கிறது, நாம் எதைக் கேட்கலாம் என்பதை இங்கே பார்ப்போம். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தகவலைக் காப்பாற்றும் பொறுப்பு அதை வாங்கி வைத்துக்கொள்பவருடையது. பெற்றோருக்கு அறிவுரை சொல்லிவிட்டு நிறுவனங்களும் துறைகளும் ஒதுங்கிக்கொள்வதை நான் ஏற்கவில்லை. ஆனால் அவர்களைக் கேள்வி கேட்க வேண்டுமானால் என்ன நடக்கிறது என்பது நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஆப் எடுத்துக்கொள்வது என்ன?

கல்வி ஆப்பில் பதிவு செய்யும்போது நாம் தட்டச்சு செய்யும் பெயர், பிறந்த தேதி, வகுப்பு, பள்ளி, போன் நம்பர் ஆகியவை கண்ணுக்குத் தெரிபவை. ஆப் எடுத்துக்கொள்வதில் இது சிறு பகுதிதான்.

அடுத்தது, போன் தானாகவே கொடுப்பது. போனின் மாடல், எந்த நெட்வொர்க், எந்த இடத்தில் இருக்கிறது போன்றவை. ஒவ்வொரு ஆண்ட்ராய்டு போனுக்கும் விளம்பர அடையாள எண் என்று ஒன்று உண்டு. பாட ஆப்பிலும் விளையாட்டு ஆப்பிலும் கடை ஆப்பிலும் இருப்பது ஒரே ஆள்தான் என்று விளம்பர நிறுவனங்கள் கண்டுகொள்வது அந்த எண்ணை வைத்துத்தான். பிள்ளையின் பெயர் தெரியாவிட்டாலும் அந்த எண்ணுக்குப் பின்னால் இருப்பது ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் பிள்ளை என்று தெரிந்தால் அவர்களுக்குப் போதும்.

மூன்றாவது, பிள்ளையின் நடத்தையிலிருந்து எடுப்பது. எந்த வீடியோவைப் பாதியில் நிறுத்தினாள், எந்தக் கணக்கை மூன்று முறை தவறாகப் போட்டாள், இரவு எத்தனை மணிக்குப் படித்தாள் என்பதெல்லாம் பதிவாகும். இது ஆசிரியரிடம் போனால் நல்லது, எந்த இடத்தில் பிள்ளை தடுமாறுகிறாள் என்று அவருக்குப் புரியும். அதே தகவல் கோர்ஸ் விற்பவரிடம் போனால் “உங்க பொண்ணு மேத்ஸ்ல வீக்” என்று தாயைப் பயமுறுத்தும் விற்பனைப் பேச்சாகிவிடும்.

கற்பனையாகச் சொல்லவில்லை. 2022 டிசம்பரில் தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் பைஜூஸ் நிறுவனத்தின் தலைமை அதிகாரியை விசாரணைக்கு அழைத்தது. குழந்தைகள், பெற்றோரின் தொலைபேசி எண்களை விலைக்கு வாங்கி, விடாமல் துரத்துகிறார்கள், குடும்பத்தில் முதன்முதலாகப் படிக்க வருகிற பிள்ளைகளின் பெற்றோரைக் குறிவைக்கிறார்கள் என்று ஆணையத்தின் தலைவர் குற்றம்சாட்டினார். எண்களை வாங்கவில்லை என்று நிறுவனம் மறுத்தது. யார் சொன்னது சரி என்பது ஒருபுறம் இருக்கட்டும். முதல் தலைமுறையாகப் படிக்கிற பிள்ளையின் வீட்டு எண்ணுக்குச் சந்தையில் விலை உண்டு என்பதை நாட்டின் ஓர் ஆணையமே பேச வேண்டி வந்தது. கல் குவாரியிலும் நெல் வயலிலும் வேலை செய்து பிள்ளையைப் படிக்கவைக்கும் உத்திரமேரூர்க் குடும்பங்கள் அந்தச் சந்தை தேடுகிற குடும்பங்கள்தான்.

இந்த இடத்தில் கல்வித் தொலைக்காட்சியை நினைத்துப் பார்க்கத் தோன்றுகிறது. 2019 ஆகஸ்ட் 26 அன்று தமிழ்நாடு அரசு அதைத் தொடங்கியது. கொரோனா ஊரடங்கில் பள்ளிகள் மூடிக் கிடந்தபோது, ஸ்மார்ட்போன் இல்லாத வீட்டுக்கும் அது பாடம் கொண்டுபோனது. பார்ப்பது யார், எந்த ஊர், எத்தனை மதிப்பெண் என்று அது ஒன்றும் கேட்கவில்லை. கேள்வி கேட்டுப் பதில் பெற அதில் வழியில்லை என்ற குறை உண்மைதான். ஆனால் ஒரு பிள்ளைக்குப் பாடம் காட்ட அவளுடைய இருப்பிடமோ தொடர்புப் பட்டியலோ தேவையில்லை என்பதற்கு அதைவிட நல்ல சான்று வேண்டாம். ஓர் ஆப் கேட்கும் ஒவ்வொரு தகவலுக்கும் “இது இல்லாவிட்டால் பாடம் ஓடாதா?” என்று கேட்கலாம். பெரும்பாலும் ஓடும்.

நம் பாடப்புத்தகத்தில் இருந்த கியூ.ஆர். கோடு

தகவல் கசிவு என்றால் பெருநகரத்துக் கதை என்று நினைக்கிறோம். நம் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மிக நெருங்கிய கதை தீக்‌ஷா தளத்தின் கதைதான்.

2017 செப்டம்பரில் மத்திய அரசு தொடங்கிய பாடத்தளம் அது. 2018-இல் தமிழ்நாட்டில் புதிய பாடத்திட்டப் புத்தகங்கள் வந்தபோது பக்கங்களில் கியூ.ஆர். கோடு அச்சிட்டிருந்தார்களே, அதை ஸ்கேன் செய்தால் பாட வீடியோ திறந்தது இந்தத் தளத்தின் வழியாகத்தான். காசு கேட்காத, விளம்பரம் காட்டாத, அரசின் தளம். அதனாலேயே யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

2022 மே மாதம் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் என்ற மனித உரிமை அமைப்பு 49 நாடுகளில் கொரோனா காலத்தில் பயன்பட்ட 163 கல்வித் தளங்களை ஆராய்ந்து அறிக்கை வெளியிட்டது. அவற்றில் 145 தளங்கள் குழந்தைகளின் உரிமையைப் பாதிக்கும் விதத்தில் தகவலைக் கையாண்டன அல்லது கையாளக்கூடிய நிலையில் இருந்தன என்று அது சொன்னது. பத்தில் ஒன்பது. தீக்‌ஷாவும் அதில் இருந்தது. பிள்ளை இருக்கும் துல்லியமான இடத்தை அந்த ஆப்பால் எடுக்க முடிந்தது என்றும், தகவல் கூகுளுக்கும் போனது என்றும் அறிக்கை விவரித்தது.

2023 ஜனவரியில் இன்னொரு செய்தி வந்தது. தீக்‌ஷாவின் தகவல் இருந்த ஒரு கிளவுட் சேமிப்பகம் பாதுகாப்பு எதுவும் இல்லாமல் ஓராண்டுக்கு மேல் திறந்தே கிடந்தது என்று வயர்டு இதழ் எழுதியது. 10 லட்சத்துக்கும் அதிகமான ஆசிரியர்களின் பெயர், போன் நம்பர், மின்னஞ்சல் அதில் இருந்தன. ஏறத்தாழ 6 லட்சம் மாணவர்களின் பெயரும், படித்த பள்ளியும், எந்தப் பாடத்தை எவ்வளவு முடித்தார்கள் என்பதும் இருந்தன. மாணவர்களின் போன் நம்பரும் மின்னஞ்சலும் பாதி மறைக்கப்பட்டிருந்தன என்பது ஒரு சிறு ஆறுதல். யாரும் பூட்டை உடைத்து உள்ளே போகவில்லை. பூட்டே போடப்படவில்லை.

இந்தக் கசிவில் பெற்றோரின் பிழை எது? ஒன்றுமில்லை. பாஸ்வேர்டைப் பத்திரமாக வைத்திருந்தாலும், போனை யாரிடமும் கொடுக்காமல் இருந்தாலும் இது நடந்திருக்கும். அதனால்தான் பொறுப்பு வாங்குபவருடையது என்று சொன்னேன்.

ஒரே ஒரு பாஸ்வேர்டு போனாலும் எவ்வளவு போகும் என்பதற்கு அமெரிக்காவில் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. அங்கே ஏராளமான பள்ளிகள் மாணவர் பதிவேட்டைப் பவர்ஸ்கூல் என்ற நிறுவனத்தின் மென்பொருளில் வைத்திருக்கின்றன. 2024 டிசம்பரில் திருடப்பட்ட ஒரு நுழைவுக் கணக்கை வைத்து அதற்குள் புகுந்தார்கள். 6 கோடிக்கும் மேற்பட்ட மாணவர்களின் தகவல் போனதாகச் சொல்லப்படுகிறது. செய்தவன் 19 வயதுக் கல்லூரி மாணவன், பிறகு சிறைத்தண்டனை பெற்றான். நம் பள்ளிகளின் மாணவர் பதிவேடு இருக்கும் எமிஸ் தளத்துக்குள் நுழையும் பாஸ்வேர்டைக் காகிதத்தில் எழுதி மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைப்பதும், வேலை முடியட்டும் என்று வெளியாளிடம் சொல்லி அனுப்புவதும் ஏன் கூடாது என்பதற்கு இதைவிட விளக்கம் தேவையில்லை.

“ஊருக்கே தெரிஞ்சதுதானே!”

இதைப் பற்றிப் பேசத் தொடங்கினால் கிராமத்தில் கிடைக்கும் முதல் பதில் இதுதான். யார் வீட்டுப் பிள்ளை எங்கே படிக்கிறது, அப்பா என்ன வேலை, என்ன சாதி, எவ்வளவு கடன் என்பது தெருவுக்கே தெரியும். இதில் மறைக்க என்ன இருக்கிறது என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி, மழுப்பாமல் பதில் சொல்ல வேண்டிய கேள்வி.

தெருவுக்குத் தெரிந்தது தெருவோடு நிற்கும். அதை அறிந்தவர்களை நமக்கும் தெரியும். தவறாகப் பயன்படுத்தினால் அடுத்த நாள் வாசலில் போய் நின்று கேட்கலாம். அதே விவரம் பத்தாயிரம் பிள்ளைகளின் பட்டியலில் ஒரு வரியாகிவிட்டால் கதை வேறு. எங்கோ உட்கார்ந்திருக்கும் ஒருவர் “காஞ்சிபுரம் மாவட்டம், பெண், பன்னிரண்டாம் வகுப்பு, குடும்ப வருமானம் இவ்வளவுக்குக் கீழே” என்று நொடியில் பிரித்தெடுக்கலாம். அவரை நமக்குத் தெரியாது, நம்மை அவருக்குத் தெரியும். தெரு ஒரு விஷயத்தைப் பத்து வருடத்தில் மறந்துவிடும், பட்டியல் மறக்காது.

பள்ளிப் பதிவேட்டில் இருப்பது பெயரும் மதிப்பெண்ணும் மட்டுமல்ல. சாதி, மதம், வருமானம், ஆதார், வங்கிக் கணக்கு, ரத்த வகை, மாற்றுத்திறன் விவரம், பெற்றோரில் யாராவது இல்லையா என்பது வரை இருக்கும். சலுகையும் உதவித்தொகையும் கொடுக்க இவற்றில் பல தேவைதான், மறுக்கவில்லை. ஆனால் உதவித்தொகைக்குத் தகுதியானவர்களின் பட்டியலைச் சாதிக் கட்டத்தோடு அப்படியே போட்டோ பிடித்து வகுப்பு வாட்ஸ்அப் குரூப்பில் போட்டால், பக்கத்து பெஞ்சில் உட்காரும் பிள்ளைகளின் கையில் அது எப்படிப் பயன்படும் என்று தமிழ்நாட்டில் வாழும் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. தாய் தகப்பனை இழந்த பிள்ளை, நோய்க்கு மருந்து எடுக்கிற பிள்ளை, இவர்களுக்கும் அப்படித்தான். சொல்வதா வேண்டாமா என்று முடிவெடுக்கும் உரிமை அந்தப் பிள்ளைக்கும் அவள் வீட்டுக்கும் உரியது.

கிராமத்தில் தகவல் போகும் வழி

பெரிய கசிவுகள் செய்தியாகின்றன. அன்றாடம் தகவல் போவது வேறு பாதையில்.

பல வீடுகளில் ஒரே ஸ்மார்ட்போன். அது அப்பாவுடையது, அவர் வேலைக்குப் போனால் போனும் போய்விடும். அக்காவும் தம்பியும் அதே நம்பரில், சில நேரம் பக்கத்து வீட்டு அண்ணனின் நம்பரில் பதிவு செய்கிறார்கள். ஓ.டி.பி. அவருக்கு வரும், பாஸ்வேர்டை மாற்றுவதும் அவர் கையில். இரண்டு வருடம் கழித்து அந்த சிம்மை அவர் மாற்றிவிட்டால், பழைய நம்பர் முன்பின் தெரியாத யாருக்கோ போய்ச் சேரும், பிள்ளையின் கணக்கு திறக்கும் ஓ.டி.பி.யும் அங்கேதான் போகும். பிள்ளையின் பெயரில் உள்ள கணக்குகளில் வீட்டாரின் நம்பர் மட்டும் இருக்க வேண்டும், நம்பர் மாறினால் முதலில் அங்கே போய் மாற்ற வேண்டும்.

அடுத்து ஜெராக்ஸ் கடையும் பிரவுசிங் சென்டரும். பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடையில் உட்கார்ந்துதான் பல பிள்ளைகள் கல்லூரிக்கும் உதவித்தொகைக்கும் விண்ணப்பிக்கிறார்கள். ஆதார், சாதிச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், பாஸ்புக் முதல் பக்கம் எல்லாம் கடைக்காரரின் வாட்ஸ்அப்புக்கு அனுப்பி, அவருடைய கம்ப்யூட்டரில் இறக்கி, பதிவேற்றுகிறார்கள். கடைக்காரர் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் அந்தக் கோப்புகள் அந்த டவுன்லோட்ஸ் பகுதியிலேயே கிடக்கும், அடுத்து உட்காருகிறவர் திறந்தால் தெரியும். வேலை முடிந்ததும் கோப்புகளை அழித்து, குப்பைத் தொட்டியையும் காலி செய்து, கணக்கிலிருந்து வெளியேறி, வாட்ஸ்அப் செய்திகளையும் “எல்லோருக்கும் நீக்கு” கொடுத்துவிட்டு எழுந்தால் போதும். “அண்ணே, அதை டெலிட் பண்ணிடுங்க” என்று கேட்பது மரியாதைக் குறைவல்ல. ஆதார் எண் முழுவதும் தேவைப்படாத இடத்துக்குக் கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரியும் ஆதாரை ஆணையத்தின் இணையதளத்திலிருந்து எடுத்துக் கொடுக்கலாம்.

மூன்றாவது வகுப்பு வாட்ஸ்அப் குரூப். ஊரடங்கில் பிறந்தது, இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. அதில் இருக்கும் எல்லோருடைய நம்பரும் எல்லோருக்கும் தெரியும். பெண் பிள்ளையின் நம்பரும் முகப்புப் படமும் யாரோ ஒருவரின் அண்ணனுக்கோ அவன் நண்பனுக்கோ போய்ச் சேர்ந்து, பிறகு வருகிற குறுஞ்செய்திகளால் படிப்பையே நிறுத்திவிட நினைக்கும் வீடுகள் உண்டு. அந்தக் கோபத்தில் போனைப் பிடுங்குவார்கள், தண்டனை பிள்ளைக்குத்தான். ஆசிரியர் செய்யக்கூடிய மாற்றம் சின்னது. குரூப்புக்குப் பதிலாக பிராட்காஸ்ட் லிஸ்ட் வைத்தால் செய்தி ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் போகும், மற்றவர் நம்பர் தெரியாது. பெற்றோர் ஆசிரியரின் நம்பரைப் போனில் சேமித்திருக்க வேண்டும், அவ்வளவுதான். குரூப்பே வேண்டுமென்றால் பிள்ளையின் நம்பரைச் சேர்க்காமல் பெற்றோரின் நம்பரை மட்டும் சேர்க்கலாம். மதிப்பெண்ணையும் கட்டண பாக்கியையும் அதில் போடக்கூடாது.

சட்டம் என்ன சொல்கிறது?

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். பிள்ளைக்கும் அது உண்டு. பள்ளியில் சேர ஆதார் கட்டாயம் அல்ல என்பதையும், ஆதார் இல்லை என்பதற்காக எந்தப் பிள்ளைக்கும் சலுகை மறுக்கக்கூடாது என்பதையும் அதே நீதிமன்றம் 2018 செப்டம்பரில் சொன்னது.

2023 ஆகஸ்டில் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது, அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. அந்த அறிவிப்பின்படி முக்கியமான கடமைகள் 18 மாதம் கழித்து, அதாவது 2027 மே மாதம் முதல் நடைமுறைக்கு வரும். 18 வயது நிரம்பாத எல்லோரும் இந்தச் சட்டத்தில் குழந்தைகள். அவர்களின் தகவலை எடுக்கும் முன் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும், ஒப்புதல் கொடுத்தவர் பெற்றோர்தான் என்று சரிபார்க்கவும் வேண்டும். பிள்ளையைப் பின்தொடர்ந்து கண்காணிப்பதும், அவளைக் குறிவைத்து விளம்பரம் காட்டுவதும் கூடாது. பள்ளிகளுக்கு மட்டும், படிப்புக்காகவும் பிள்ளையின் பாதுகாப்புக்காகவும் என்ற அளவில் கண்காணிப்பு விஷயத்தில் விலக்கு உண்டு. குழந்தைகள் பற்றிய கடமையை மீறினால் 200 கோடி ரூபாய் வரையும், தகவலைப் பாதுகாக்கத் தவறினால் 250 கோடி வரையும் அபராதம்.

கிராமத்துப் பெற்றோர் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியது இன்னொன்று. என்ன தகவல் எடுக்கிறோம், எதற்கு என்று நிறுவனம் கொடுக்கும் அறிவிப்பைத் தமிழில் கேட்டுப் பெறும் உரிமை இந்தச் சட்டத்தில் உண்டு. அரசமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள எந்த மொழியிலும் கேட்கலாம். தகவலைத் திருத்தச் சொல்லலாம், அழிக்கச் சொல்லலாம், கொடுத்த ஒப்புதலைத் திரும்பப் பெறலாம். கொடுப்பது எவ்வளவு சுலபமோ, திரும்பப் பெறுவதும் அவ்வளவு சுலபமாக இருக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது.

குறைகளும் இருக்கின்றன. அபராதப் பணம் அரசுக்குப் போகும், பாதிக்கப்பட்ட பிள்ளைக்கு இழப்பீடு தர இந்தச் சட்டத்தில் வழியில்லை. இது பெரிய ஓட்டை என்றே நினைக்கிறேன். நலத்திட்டங்களுக்காக அரசு தகவல் எடுக்கும்போது ஒப்புதல் கேட்காமலேயே எடுக்கச் சட்டம் இடம் தருகிறது. அரசுப் பள்ளிப் பிள்ளையின் தகவலில் பெரும்பகுதி இந்த வழியில்தான் சேர்கிறது. கேட்காமல் எடுக்க முடிகிறவர் பாதுகாப்பதில் இரு மடங்கு கவனமாக இருக்க வேண்டாமா?

உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் பராந்தக சோழன் காலத்து, 919, 921-ஆம் ஆண்டுகளின் கல்வெட்டுகள் இருக்கின்றன. குடவோலைத் தேர்தல் நடந்த விதத்தைச் சொல்பவை. பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் இட்டு, சபை முழுவதும் கூடியிருக்க, உள்ளே இருப்பது என்னவென்று அறியாத ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொன்னார்கள். பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் மறுபடி பொறுப்புக்கு வர முடியாது என்பதும் அங்கே விதி. ஊரார் பொருளைக் கையில் வைத்திருந்தவர் ஊருக்குக் கணக்குச் சொல்ல வேண்டும் என்று ஆயிரம் வருடத்துக்கு முன்பே கல்லில் வெட்டிய ஊர் இது. பிள்ளைகளின் தகவலை வைத்திருக்கும் நிறுவனமும் துறையும் அதே கணக்கைச் சொல்லட்டும் என்று கேட்க இந்த ஊர்க்காரர்களுக்குக் கூச்சம் தேவையில்லை.

ஓ.டி.பி. சொன்னால் ஒப்புதல் ஆகிவிடுமா?

நடைமுறையில் ஒப்புதல் எப்படி வாங்கப்படுகிறது? “ஒரு நம்பர் வந்திருக்கும் பாருங்க, சொல்லுங்க” என்று பள்ளியிலிருந்து போன் வரும். சொல்லிவிடுவோம். எதற்கு என்று கேட்டால் பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்ற தயக்கம். கேட்பவரும் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை, மாலைக்குள் முடிக்கச் சொல்லி மேலிடத்திலிருந்து அவருக்கும் நெருக்கடி இருக்கும். இருவரின் அவசரத்துக்கும் நடுவில் பிள்ளையின் தகவல் கைமாறிவிடுகிறது.

போன் நம்பர் உங்களுடையதுதான் என்று காட்டுவதற்குத்தான் ஓ.டி.பி. நீங்கள் புரிந்துகொண்டு சம்மதித்தீர்கள் என்பதை அது காட்டாது. அடுத்த முறை நம்பரைச் சொல்வதற்கு முன் கேளுங்கள்: “டீச்சர், இது எந்த ஆப்புக்கு? பிள்ளையோட என்ன விவரம் போகுது? வேணாம்னா என்ன ஆகும்?” மூன்றுக்கும் பதில் தெரிந்த பிறகு சொல்லலாம். நாடு முழுவதும் மாணவருக்குக் கொடுக்கப்படும் 12 இலக்க அபார் அடையாள எண்ணுக்கும் பெற்றோர் கையெழுத்திட்ட ஒப்புதல் படிவம் உண்டு, அதையும் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடலாம், பிறகு திரும்பப் பெறவும் இடமுண்டு. போனில் ஓ.டி.பி. கேட்பது முன்பின் தெரியாத குரல் என்றால் எந்தக் காரணம் சொன்னாலும் கொடுக்க வேண்டாம். பணம் வாங்குவதற்குக் கியூ.ஆர். கோடை ஸ்கேன் செய்யவும் வேண்டியதில்லை, ரகசிய எண்ணைப் போடவும் வேண்டியதில்லை. அவை பணம் கொடுப்பதற்கு மட்டும்தான்.

பெற்றோரிடம் ஒப்புதல் வாங்கும் வேலையை ஆசிரியர் தலையில் ஏற்றிவிட்டு நிறுவனங்கள் தப்பிக்கப் பார்ப்பதும் உண்டு. அமெரிக்காவில் எட்மோடோ என்ற கல்வித் தளம் பெற்றோரிடம் முறையாக ஒப்புதல் பெறாமல் குழந்தைகளின் தகவலை எடுத்து விளம்பரத்துக்குப் பயன்படுத்தியது. ஒப்புதல் வாங்கும் சட்டப் பொறுப்பைப் பள்ளிகள் மீதே தள்ளியும் வைத்திருந்தது. 2023 மே மாதம் அந்நாட்டு வணிக ஆணையம் அதன் மீது 60 லட்சம் டாலர் அபராதம் கோரி நடவடிக்கை எடுத்தது. நம் ஊரில் ஒரு தனியார் ஆப்பைப் பள்ளிக்குக் கொண்டுவரும் பிரதிநிதி “பேரண்ட்ஸ் கிட்ட நீங்களே சொல்லிடுங்க மேடம்” என்று தலைமை ஆசிரியரிடம் சொன்னால், பதிலுக்கு அவர் காட்டக்கூடிய வழக்கு இது.

இன்றைக்கே செய்யக்கூடியவை

போன் கையில் இருந்தால் பத்து நிமிடம் போதும். செட்டிங்ஸில் ஆப்ஸ் என்ற பகுதிக்குப் போய், பிள்ளை படிக்கும் ஆப்பைத் திறந்து, அனுமதிகளைப் பாருங்கள். இருப்பிடம், தொடர்புகள், மைக் ஆகியவற்றை நிறுத்திவிட்டுப் பாடம் ஓடுகிறதா என்று பாருங்கள். ஓடினால் அப்படியே விட்டுவிடலாம். கூகுள் செட்டிங்ஸில் விளம்பரங்கள் என்ற இடத்தில் விளம்பர அடையாள எண்ணை நீக்கும் வசதி இருக்கிறது. பிளே ஸ்டோரில் ஒவ்வொரு ஆப்புக்கும் கீழே தரவுப் பாதுகாப்பு என்ற பகுதி உண்டு, என்ன எடுக்கிறோம், யாருக்குக் கொடுக்கிறோம் என்று நிறுவனமே எழுதியிருக்கும். அது நிறுவனத்தின் சொல் மட்டுமே, ஆனாலும் பார்க்கலாம். பதிவு செய்யாமலேயே பாடம் பார்க்க வழி இருந்தால் அதையே தேர்ந்தெடுங்கள். படிப்பு முடிந்துவிட்டால் ஆப்பை எடுத்துவிட்டால் மட்டும் போதாது, தகவல் அவர்களிடமே இருக்கும். முதலில் கணக்கை நீக்கிவிட்டுப் பிறகு ஆப்பை எடுக்க வேண்டும்.

பணம் போய்விட்டால் உடனே 1930 என்ற எண்ணுக்கு அழைக்க வேண்டும். முதல் சில மணி நேரத்துக்குள் சொன்னால் பணம் கைமாறுவதை வங்கி நிறுத்திவைக்க வாய்ப்பு அதிகம். பிள்ளையை யாராவது தொந்தரவு செய்தால் 1098. பள்ளி தொடர்பான கேள்விக்கும் புகாருக்கும் கல்வித்துறையின் உதவி எண் 14417.

தனி ஆளாகக் கேட்கத் தயக்கமாக இருந்தால் அதற்கு ஓர் இடம் ஏற்கெனவே இருக்கிறது. ஒவ்வொரு அரசுப் பள்ளியிலும் பெற்றோரையே பெரும்பான்மையாகக் கொண்ட பள்ளி மேலாண்மைக் குழு உண்டு. அதன் அடுத்த கூட்டத்தில் இந்தக் கேள்விகளை வைக்கலாம்: நம் பள்ளி எந்தெந்த ஆப்பைப் பயன்படுத்துகிறது? அவற்றில் எவை துறை சொன்னவை, எவை தனியார் கொண்டுவந்தவை? எமிஸ் பாஸ்வேர்டு யார் யாரிடம் இருக்கிறது, கடைசியாக எப்போது மாற்றினார்கள்? படித்து முடித்துப் போன பிள்ளைகளின் பட்டியல் யாருடைய போனில், யாருடைய கம்ப்யூட்டரில் இன்னும் இருக்கிறது? பதில்களைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதி, தலைமை ஆசிரியரிடமும் தலைவரிடமும் கையெழுத்து வாங்கி வைத்தால், மே மாதம் தேர்வு முடிவோடு அந்தப் போன் வரும்போது எங்கே போய்க் கேட்பது என்று தெரிந்திருக்கும்.